ரூட் ஆவதும் ரூட்டாகச் செய்வதும்: யூனிக்ஸ் வழிக் கணினிகளில் நிர்வாக உரிமை

1. ஆய்வுப் பொருள்

யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எந்தக் கணினியிலும் எல்லாம் செய்யவல்ல பயனர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ரூட். மற்றப் பயனர்கள் தங்களுக்குத் தரப்பட்ட அனுமதிகளுக்குள் நிற்க வேண்டும். ரூட்டுக்கு அந்த வேலி கிடையாது. மென்பொருள் நிறுவவும், புதுப் பயனரைச் சேர்க்கவும், சேவைகளை நிறுத்தித் தொடங்கவும் அவர் தேவை. அதே கை ஒரே வரியில் கணினி முழுவதையும் துடைத்தெறியவும் முடியும். பெரும்பாலான கட்டளைகள் அப்போது ‘நிச்சயமா?’ என்று கூடக் கேட்பதில்லை.

சர்வர் பார்த்துக்கொள்ளும் எவருக்கும் இந்த உரிமை அன்றாடம் தேவைப்படுகிறது. அதைப் பெறும் வழியைச் சொல்லக் கையேடுகள் ஏராளம். எப்படிப் பெற்றால் பின்னால் வருந்த நேராது என்பது இக்கட்டுரையின் கேள்வி. ரூட் ஆவது வேறு, ரூட்டாக ஒரு வேலையைச் செய்துவிட்டுத் திரும்புவது வேறு என்பது என் வாதத்தின் முதல் பாதி. இதைப் பலரும் ஏற்பார்கள். இரண்டாம் பாதி அவ்வளவு எளிதில் ஏற்கப்படுவதில்லை. பாதி அதிகாரம் என்று நம்பி நிர்வாகிகள் எழுதும் விதிகளில் பெரும்பாலானவை முழு அதிகாரத்தையே தூக்கிக் கொடுக்கின்றன. அதை ஒப்புக்கொண்ட பிறகே பாதுகாப்பைப் பற்றிப் பொருளுடன் பேச முடியும்.

2. பூஜ்யம் என்னும் எண்

கெர்னலுக்குப் பயனர்களின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் எண். ஒவ்வொரு செயல்முறையும் ஒரு பயனர் எண்ணைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. அந்த எண் 0 என்றால் கோப்பு அனுமதிச் சோதனைகளைக் கெர்னல் தாண்டவிடுகிறது. ரூட் என்ற பெயர் மனிதர்களுக்காக வைத்தது. /இடிசி/பாஸ்வேர்டு கோப்பில் மூன்றாம் புலத்தில் 0 என்று இருக்கும் எவரும், பெயர் எதுவானாலும், ரூட்தான். ஒரு சர்வரைப் புதிதாக ஏற்றுக்கொள்ளும்போது நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கோப்பின் மூன்றாம் புலத்தைத்தான். அங்கே இரண்டாவதாக ஒரு பூஜ்யம் இருந்தால், அதற்கான காரணம் தெரியும்வரை வேறு வேலை தொடங்கக் கூடாது.

உண்மையில் ஒரு செயல்முறை ஓர் எண்ணை மட்டும் சுமப்பதில்லை. ஓட்டியவர் யார் என்று சொல்லும் எண் ஒன்று. இப்போது யாருடைய உரிமையில் ஓடுகிறது என்று சொல்லும் எண் இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அவை விலகும் இடத்தில்தான் நம் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

3. செட்யூஐடி: இரவல் உரிமை

உங்கள் கடவுச்சொல்லை நீங்களே மாற்றுகிறீர்கள். கடவுச்சொற்களின் சிதைவுரு இருக்கும் /இடிசி/ஷேடோ கோப்பைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை. பிறகு எப்படி மாறுகிறது? கடவுச்சொல் மாற்றும் நிரலின் அனுமதிகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால், இயக்கும் அனுமதிக்கான எக்ஸ் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் எஸ் எழுத்து நிற்கும். ‘இந்த நிரலை யார் ஓட்டினாலும் இதன் உரிமையாளரின் உரிமையில் ஓடட்டும்’ என்பது அதன் பொருள். உரிமையாளர் ரூட். ஆகவே அந்த ஒரு நிரல் ஓடி முடியும்வரை, அந்த ஒரு வேலைக்கு மட்டும், ரூட்டின் உரிமை உங்களுக்கு இரவலாகக் கிடைக்கிறது.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் டென்னிஸ் ரிட்சி. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனோடு சேர்ந்து யூனிக்ஸை உருவாக்கிய அவர், இதற்கு 1973இல் காப்புரிமை கோரினார். 1979இல் அமெரிக்கக் காப்புரிமை எண் 4,135,240 ஆக அது வழங்கப்பட்டது. பின்னர் அது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. ஓர் எழுத்து அளவே இடம் பிடிக்கும் இந்த யோசனை, யூனிக்ஸில் பிறந்த மிக அழகிய யோசனைகளுள் ஒன்று என்பேன். அதன் ஆபத்தும் அந்த அழகிலேயே இருக்கிறது. இரவல் வாங்கிய நிரலில் ஒரு பிழை இருந்தால், இரவல் நிரந்தரமாகிவிடும்.

4. எஸ்யூ: எல்லாருக்கும் ஒரே சாவி

1971ஆம் ஆண்டு யூனிக்ஸின் முதல் பதிப்புக் கையேட்டிலேயே எஸ்யூ கட்டளை இருந்தது. ரூட்டின் கடவுச்சொல்லைக் கொடுத்தால், வெளியேறும்வரை நீங்கள் ரூட். ஒரே மனிதர் பார்த்துக்கொள்ளும் கணினிக்கு இது போதும். ஐந்து பேர் பார்த்துக்கொள்ளும் கணினியில் அந்த ஐவருக்கும் ஒரே கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் மீதி நால்வரும் புதியதை மனப்பாடம் செய்ய வேண்டும். எஸ்யூவை யார் எப்போது ஓட்டினார் என்பது பதிவேட்டில் இருக்கும். உள்ளே போனபின் என்ன செய்தார் என்பது இருக்காது.

எஸ்யூவிலேயே புதியவர்கள் தடுக்கி விழும் படி ஒன்று உண்டு. பின்னால் ஒரு சிறு கோடு போடாமல் ஓட்டினால், உங்கள் பழைய சூழல் மாறிகளில் பல அப்படியே ரூட்டுக்குள் வந்துவிடலாம். கட்டளைகளைத் தேடும் பாதைப் பட்டியலும் அவற்றுள் ஒன்று. அந்தப் பட்டியலின் தொடக்கத்தில் ‘இப்போது நிற்கும் கோப்புறை’ என்பதற்கான புள்ளியை யாரோ எப்போதோ சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் எழுதக்கூடிய தற்காலிகக் கோப்புறையில் ஒரு விஷமி ‘எல்எஸ்’ என்ற பெயரில் தன் நிரலை வைத்துவிட்டுப் போகிறார். நீங்கள் ரூட்டாக அங்கே போய்க் கோப்புகளைப் பட்டியலிடுகிறீர்கள். ஓடுவது அவருடைய நிரல், உங்கள் ரூட் உரிமையில். கோடு போட்ட எஸ்யூ புதிய, தூய சூழலோடு தொடங்கும். எஸ்யூ பயன்படுத்தியே ஆக வேண்டிய இடத்தில் அந்தக் கோடு இல்லாமல் பயன்படுத்தாதீர்கள்.

பிஎஸ்டி மரபில் ‘வீல்’ என்ற குழுவில் இருப்பவர்கள் மட்டுமே எஸ்யூ ஓட்டலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் தம் குனு எஸ்யூவில் வேண்டுமென்றே அதைச் சேர்க்கவில்லை. ஒரு சிலர் அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களை அடக்க அது உதவும் என்று அதன் கையேட்டில் காரணம் எழுதினார். 1984இல் எம்ஐடி செயற்கை அறிவு ஆய்வகத்தில் சிலர் அப்படிச் செய்ய முயன்றதை எடுத்துக்காட்டினார். அந்த மனநிலையை நான் மதிக்கிறேன். கணினி ஒரு சமூகத்தின் பொதுச் சொத்தாக இருந்த இடத்திலிருந்து வந்த குரல் அது. ஆனால் மருத்துவமனைப் பதிவுகளையும் சம்பளப் பட்டியல்களையும் சுமக்கும் இன்றைய சர்வரில் யார் என்ன செய்தார் என்ற கணக்கு இல்லாவிட்டால், பாதிக்கப்படுவது அந்தப் பதிவுகளில் பெயர் உள்ள மனிதர்கள்.

5. சூடோ: யாருடைய கடவுச்சொல்?

1980 வாக்கில் பஃபலோ நகரிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகக் கணினித் துறையில், பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் ஒரு வேக்ஸ் கணினியில் சூடோவின் முதல் வடிவத்தை எழுதினார்கள். 1985 டிசம்பரில் அதன் மூலநிரல் பொதுவில் வெளியானது. பிறகு அது கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1994இல் அங்கிருந்து புதிய பொது வெளியீட்டைக் கொண்டுவந்த டாட் மில்லர் அன்றிலிருந்து அதைப் பராமரித்து வருகிறார். உலகெங்கும் உள்ள சர்வர்கள் நம்பி நிற்கும் ஒரு நிரலை இத்தனை ஆண்டுகள் ஒரு மனிதர் தாங்கி நிற்பதை நினைக்கும்போது நன்றியோடு சற்றுக் கவலையும் வருகிறது.

சூடோ செய்த மாற்றம் ஒரு கேள்வியில் இருக்கிறது. எஸ்யூ ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்டது. சூடோ உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கிறது. ‘ரகசியம் உனக்குத் தெரியுமா?’ என்ற கேள்வி போய், ‘நீ யார்? உனக்கு இதைச் செய்ய அனுமதி உண்டா?’ என்ற கேள்வி வந்தது. ரூட்டுக்குக் கடவுச்சொல்லே தேவையில்லாமல் போனது. உபுண்டு தன் முதல் வெளியீடான 2004 அக்டோபரின் 4.10 பதிப்பிலிருந்தே ரூட் கணக்கின் கடவுச்சொல்லைப் பூட்டி வைத்திருக்கிறது. மேக்ஓஎஸ்ஸிலும் ரூட் உள்நுழைவு இயல்பில் மூடியே இருக்கும்.

கூடவே பதிவேடு வந்தது. எந்தப் பயனர், எந்த டெர்மினலில், எந்தக் கோப்புறையில் நின்று, எந்தக் கட்டளையை, எத்தனை மணிக்கு ஓட்டினார் என்பது டெபியன் வகைக் கணினிகளில் வழக்கமாக ‘ஆத்.லாக்’ கோப்பிலும், ரெட் ஹாட் வகையில் ‘செக்யூர்’ கோப்பிலும் விழும். விபத்து நடந்த மறுநாள் காலை அந்த வரிகளைப் படித்திருப்பவர்களுக்குத்தான் அவற்றின் மதிப்பு தெரியும். குற்றவாளியைத் தேடுவதை விட, என்ன நடந்தது என்று புரிந்துகொண்டு சரிசெய்யவே அவை அதிகம் பயன்பட்டிருக்கின்றன.

கடவுச்சொல்லைக் கொடுத்ததும் சூடோ சிறிது நேரம் உங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். மூல வெளியீட்டில் இது 5 நிமிடம். டெபியனிலும் உபுண்டுவிலும் 15 நிமிடம். தேநீர் குடிக்கப் போவதற்குள் யாராவது உங்கள் இருக்கையில் உட்கார்ந்தால் அந்த 15 நிமிடம் அவருடையது. கே விருப்பைச் சேர்த்துச் சூடோவை ஓட்டினால் அந்த நினைவு உடனே அழியும். திரையைப் பூட்டாமல் எழும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

6. விதிக் கோப்பைத் திருத்துதல்

யாருக்கு என்ன அனுமதி என்பது /இடிசி/சூடோயர்ஸ் கோப்பில் இருக்கிறது. அதைச் சாதாரண எடிட்டரில் திறக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்பதை எனக்கு ஓர் இரவு கற்றுக்கொடுத்தது.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், தன் பயனர் பெயருக்கு ஒரு விதி சேர்க்க அந்தக் கோப்பை நேராகத் திறந்து ஒரு வரி எழுதிச் சேமித்துவிட்டார். சமக்குறி ஒன்று விடுபட்டிருந்தது. ஐந்து நிமிடம் கழித்து, “சார், சூடோவே ஓட மாட்டேங்குது” என்று வந்து நின்றார். 28ஆம் வரியில் இலக்கணப் பிழை, செல்லத்தக்க விதிக் கோப்பு எதுவும் இல்லை, வெளியேறுகிறேன் என்று திரை சொன்னது. பிழையைத் திருத்த ரூட் வேண்டும். ரூட் ஆகச் சூடோ வேண்டும். சூடோவுக்குப் பிழையற்ற கோப்பு வேண்டும். ரூட்டின் கடவுச்சொல் பூட்டியிருந்தது. சர்வர் இருந்த அறைக்குப் போய், கணினியை மீட்பு நிலையில் மறுதொடக்கம் செய்து, விட்டுப்போன அந்த ஒற்றைக் குறியைச் சேர்த்துவிட்டு நாங்கள் வெளியே வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. தவறு அவருடையதல்ல. விசூடோவைப் பற்றி அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

விசூடோ கோப்பின் பிரதி ஒன்றைத் திறந்து கொடுக்கிறது. நீங்கள் சேமித்து வெளியேறும்போது இலக்கணத்தைச் சோதித்து, பிழை இருந்தால் மூலக் கோப்பைத் தொடாமல் உங்களிடம் திரும்பக் கேட்கிறது. ஒரே நேரத்தில் இருவர் திருத்தாதபடி பூட்டும் போடுகிறது. சூடோவின் அண்மைப் பதிப்புகள் பிழையுள்ள வரியைத் தாண்டி மற்றவற்றைப் படிக்க முயல்கின்றன. ஆனால் தாண்டப்படும் வரி உங்களுக்கு அனுமதி தந்த வரியாகவே இருந்துவிடலாம். விசூடோவுக்கும் எல்லை உண்டு. அது இலக்கணத்தை அறியும், உங்கள் எண்ணத்தை அறியாது. ஆகவே விதிகளை மாற்றும்போது இன்னொரு டெர்மினலில் ஒரு ரூட் ஷெல்லைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய விதி வேலை செய்கிறது என்று மூன்றாவது டெர்மினலில் சோதித்த பிறகே அதை மூடுங்கள்.

தனித்தனி விதிகளை அதே பெயருடைய .டி கோப்புறையில் தனிக் கோப்புகளாக வைப்பது நல்லது. அங்கே ஒரு நுணுக்கம்: பெயரில் புள்ளி உள்ள கோப்புகளையும் அலைக்குறியில் முடியும் கோப்புகளையும் சூடோ சத்தமில்லாமல் விட்டுவிடும். பிரதி எடுத்து வைத்த பழைய கோப்புகள் உயிர்பெற்று எழாமல் இருக்க அந்த ஏற்பாடு. பயனர் பெயரில் புள்ளி வைத்து, அதே பெயரில் விதிக் கோப்பும் உருவாக்கிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று அரை நாள் தேடியவர்களை நான் அறிவேன். இன்னொன்று, பல விதிகள் பொருந்தினால் கடைசியாகப் பொருந்தியதே செல்லும். மேலே எழுதிய கண்டிப்பைக் கீழே எழுதிய தாராளம் அழித்துவிடும்.

7. கசியும் விதிகள்

இக்கட்டுரையின் நடுப்பொருள் இது. ‘இவருக்கு ரூட் தரவில்லை, இந்த ஒரு கட்டளையை மட்டும்தான் தந்திருக்கிறேன்’ என்று நிர்வாகி நிம்மதியாகச் சொல்லும் விதிகளை எடுத்துப் பார்ப்போம்.

7.1 நிரலுக்குள் நிரல். ஒருவருக்கு ஓர் உள்ளமைவுக் கோப்பைத் திருத்த ‘விம்’ எடிட்டரைச் சூடோ வழியாக ஓட்ட அனுமதி தருகிறீர்கள். விம்முக்குள் இருந்தபடியே முக்காற்புள்ளியும் ஆச்சரியக்குறியும் போட்டு எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். ஷெல்லைத் திறக்கலாம். எடிட்டர் ரூட்டாக ஓடுவதால் அந்த ஷெல்லும் ரூட். கோப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்க உதவும் ‘லெஸ்’ நிரலிலும் அதே ஆச்சரியக்குறி உண்டு. கையேடு காட்டும் ‘மேன்’ தன் பக்கங்களைப் பெரும்பாலும் லெஸ் வழியாகவே காட்டுகிறது. கோப்பு தேடும் ‘ஃபைண்ட்’, கண்டெடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளையை ஓட்டவல்லது. ‘ஆக்’ ஒரு முழு நிரல்மொழி. காப்புப்பிரதி எடுக்கும் ‘டார்’ கூட வேலையின் நடுவே வேறு கட்டளையை ஓட்டும் விருப்பு கொண்டது. இவை யாவும் அந்தந்த நிரல்களில் பயனர் வசதிக்காக வைத்த நேர்மையான வசதிகள். ரூட் உரிமையில் ஓடும்போது வாசல்களாகிவிடுகின்றன. இப்படிப்பட்ட வாசல்களைத் தொகுத்துத் தரும் ‘ஜிடிஎஃப்ஓபின்ஸ்’ பட்டியலை ஊடுருவுபவர்கள் கைவசம் வைத்திருக்கிறார்கள். விதி எழுதுபவர்களும் வைத்திருக்க வேண்டும்.

எடிட்டர் விஷயத்துக்கு நல்ல விடை உண்டு. சூடோஎடிட், கோப்பின் தற்காலிகப் பிரதியை எடுத்து, உங்கள் சொந்த உரிமையில் ஓடும் எடிட்டரில் திறந்து, முடிந்ததும் திரும்ப உரிய இடத்தில் வைக்கிறது. எடிட்டர் ஒருபோதும் ரூட் ஆவதில்லை. இவ்வளவு பயனுள்ள கட்டளை இவ்வளவு குறைவாகப் பயன்படுவது வருத்தத்துக்குரியது.

7.2 உடுக்குறி. பதிவுக் கோப்புகளை மட்டும் படிக்கட்டும் என்று இப்படி ஒரு விதி எழுதப்படுகிறது:

%ஆப்பரேட்டர் ஆல் = /பின்/கேட் /வார்/லாக்/மெசேஜஸ்*

மெசேஜஸ் என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் காட்டும் என்று பார்ப்பவர் நினைப்பார். ஆனால் கட்டளையின் தரவுகளில் வரும் உடுக்குறி சாய்கோட்டோடும் பொருந்தும், இடைவெளியோடும் பொருந்தும். ஆகவே ‘சூடோ கேட் /வார்/லாக்/மெசேஜஸ் /இடிசி/ஷேடோ’ என்ற கட்டளையும் இந்த விதிக்கு உட்பட்டதே. கடவுச்சொற் சிதைவுருக்கள் அனைத்தும் திரையில் விழும். சூடோயர்ஸின் கையேடே இந்த எடுத்துக்காட்டைத் தந்து எச்சரிக்கிறது. உடுக்குறி இல்லாமல் ஒவ்வொரு கோப்பையும் முழுதாக எழுதுவது சலிப்பான வேலைதான். சலிப்பைப் பார்த்தால் விதியே வேண்டாம்.

இதற்கு உறவான இன்னொன்று: கட்டளையை மட்டும் எழுதி, தரவு எதையும் குறிப்பிடாமல் விட்டால், எந்தத் தரவோடும் ஓட்டலாம் என்று பொருள். தரவே கூடாது என்றால் வெற்று இரட்டை மேற்கோளை அங்கே எழுத வேண்டும். அந்த இரு குறிகளின் இன்மையால் திறந்து கிடக்கும் விதிகள் எத்தனையோ.

7.3 விலக்கு. ‘எல்லாம் செய்யலாம், ஆனால் ஷெல் மட்டும் கூடாது’ என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதும் விதிகள் உண்டு. ஷெல் நிரலைத் தன் கோப்புறைக்குப் பிரதி எடுத்து வேறு பெயர் வைத்தால் விலக்கு பொருந்தாது. ‘எல்லாம்’ என்ற சொல்லிலிருந்து எதையும் கழிக்க முடியாது என்பதைச் சூடோவின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது.

7.4 எழுதக்கூடிய ஸ்கிரிப்ட். அனுமதி பெற்ற ஸ்கிரிப்ட்டை அந்தப் பயனரே திருத்த முடியுமானால், அவர் அதில் என்ன வேண்டுமானாலும் எழுதி ஓட்டலாம். கோப்பைத் திருத்த முடியாவிட்டாலும், அது இருக்கும் கோப்புறை அவருடையதானால், பழையதை நீக்கிப் புதியதை அதே பெயரில் வைக்கலாம். கோப்பும் அதன் மேலுள்ள எல்லாக் கோப்புறைகளும் ரூட்டுக்கே உரியவையாக இருக்க வேண்டும். கடவுச்சொல் கேட்காமல் ஓடட்டும் என்ற குறிப்போடு தானியங்கிப் பணிகளுக்காக எழுதப்படும் விதிகளில் இந்தக் குறை அடிக்கடி கண்ணில் படுகிறது.

7.5 சூடோயர்ஸுக்கு வெளியே. விதிக் கோப்பு ஒழுங்காக இருக்கும் கணினியில், வசதிக்காக ஒருவர் ‘டாக்கர்’ குழுவில் சேர்க்கப்பட்டிருப்பார். வழக்கமான நிறுவலில் டாக்கரின் மையச் சேவை ரூட்டாக ஓடுகிறது. அதனிடம் கட்டளையிடக் கூடியவர் கணினியின் முழுக் கோப்பு மரத்தையும் ஒரு கன்டெய்னருக்குள் இணைத்துத் திருத்தலாம். அந்தக் குழுவில் இருப்பது கடவுச்சொல்லும் பதிவேடும் இல்லாத ரூட்.

இவற்றை எல்லாம் பார்த்தபின் என் தீர்ப்பு இது. முழு நம்பிக்கைக்குரிய இரண்டொருவருக்கு முழு அதிகாரத்தையும் வெளிப்படையாக, பதிவோடு கொடுங்கள். மற்றவர்களுக்குத் தரவு உட்பட முற்றாக வரையறுத்த கட்டளைகளை மட்டும் கொடுங்கள். அவை ரூட்டே எழுதிக் காக்கும் சிறு ஸ்கிரிப்ட்டுகளாக இருக்கட்டும். இரண்டிலும் அடங்காத இடைப்பட்ட விதி ஒன்று தேவைப்படுவதாகத் தோன்றினால், அந்த வேலைக்கு ரூட் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரை, வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு ஒவ்வொரு நிரலும் இயங்க வேண்டும் என்ற நெறியை வகுத்தது. பல இடங்களில் அந்தக் குறைந்தபட்சம் ஒரு குழு அனுமதியாகவே இருக்கும். பதிவுகளைப் படிப்பதற்கு டெபியனில் ‘ஏடிஎம்’ என்ற குழுவே இருக்கிறது; சூடோ எதற்கு?

8. கைப்பழக்கங்கள்

சூடோவை எஸ் அல்லது ஐ விருப்போடு ஓட்டி ரூட் ஷெல்லில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், நாம் திரும்பவும் எஸ்யூ காலத்துக்கே போய்விட்டோம். உள்ளே ஓட்டும் கட்டளைகள் இயல்பில் பதிவாவதில்லை. பதிவில் இருப்பது ஷெல் திறந்த ஒரு வரி மட்டுமே.

பலர் ரூட் ஷெல்லுக்குப் போவதன் காரணம் ஒரு சிறு குழப்பம். ஒரு வரியை ரூட்டின் கோப்பில் சேர்க்க ‘சூடோ எக்கோ’ எழுதி, பின்னால் அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்புகிறார்கள். அனுமதி மறுக்கப்படுகிறது. சூடோ பழுது என்று நினைத்து ஷெல்லைத் திறக்கிறார்கள். பழுது எதுவும் இல்லை. அம்புக்குறியைக் கவனிப்பது உங்கள் சொந்த ஷெல். சூடோ தொடங்கும் முன்பே, உங்கள் உரிமையில், அது கோப்பைத் திறக்க முயன்று தோற்றுவிட்டது. எக்கோவின் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாக ‘சூடோ டீ’ கட்டளைக்கு அனுப்பினால், கோப்பைத் திறப்பது ரூட்டாக ஓடும் டீ. இருப்பதை அழிக்காமல் சேர்க்க டீயுடன் ஏ விருப்பு வேண்டும். அதை மறந்தால் பழைய உள்ளடக்கம் போய்விடும்.

பிறர் எழுதிய நிறுவல் ஸ்கிரிப்ட்டை இணையத்திலிருந்து இறக்கிய கையோடு சூடோவுக்கு ஊட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. 2011இல் பம்பிள்பீ என்ற திறமூலத் திட்டத்தின் நிறுவல் ஸ்கிரிப்ட்டில், நீக்க வேண்டிய பாதையின் நடுவே, யூஎஸ்ஆர் என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி தவறுதலாக விழுந்திருந்தது. ஒரு பாதை இரண்டாகப் பிரிந்தது. ரூட்டாக ஓடிய அந்த வரி, நிரல்கள் குடியிருக்கும் யூஎஸ்ஆர் கோப்புறை முழுவதையும் அழித்தது. எழுதியவர்களிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இறக்குங்கள், படியுங்கள், பிறகு ஓட்டுங்கள்.

ஒரு கசப்பான எல்லையையும் சொல்ல வேண்டும். உங்கள் அன்றாடக் கணக்கு பிறர் கையில் சிக்கினால், உங்கள் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் சூடோ என்ற பெயருக்கு மாற்றுப் பொருள் எழுதி, அடுத்த முறை நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு மாற்று, இணையம் உலவும் கணக்கையும் நிர்வாகக் கணக்கையும் பிரித்து வைப்பது. தொலைவிலிருந்து ரூட்டாக நேரே உள்நுழைவதையும் மூடிவிடுங்கள். ஓபன்எஸ்எஸ்ஹெச் 2015இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து ரூட்டைக் கடவுச்சொல் வழியாக இயல்பில் அனுமதிப்பதில்லை.

9. காவலனே பிழைத்தால்

சூடோ ஒரு செட்யூஐடி நிரல். அது தொடங்கும்போதே முழு ரூட்டாகத் தொடங்கி, அதன் பிறகே ‘இவருக்கு அனுமதி உண்டா’ என்று யோசிக்கிறது. யோசிக்கும் பகுதியில் பிழை நேர்ந்தால் விதிக் கோப்பு எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் பயனில்லை.

2019இல் வெளிவந்த பிழை எளிமையால் அதிரவைத்தது. ‘ரூட் தவிர யாராக வேண்டுமானாலும் ஓட்டலாம்’ என்ற விதி உள்ளவர், பயனர் எண்ணாக -1 என்று கொடுத்தால் ரூட் ஆகிவிட்டார். எண்ணை மாற்றும் கெர்னல் அழைப்புக்கு -1 என்றால் ‘மாற்றாதே’ என்று பொருள். ஏற்கெனவே 0 ஆக ஓடிக்கொண்டிருந்த சூடோ 0 ஆகவே நின்றுவிட்டது. 1.8.28 பதிப்பில் இது திருத்தப்பட்டது.

2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பேரன் சமெடிட்’ இன்னும் கடுமையானது. தரவின் கடைசியில் வரும் ஒற்றைப் பின்சாய்கோட்டைக் கையாள்வதில் இருந்த நினைவகப் பிழை அது. விதிக் கோப்பில் பெயரே இல்லாத சாதாரணப் பயனரும் ரூட் ஆக முடிந்தது. 2011 ஜூலையில் நுழைந்த அப்பிழை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. மறு ஆண்டே, சூடோவைப் போலவே பிறர் உரிமையில் கட்டளை ஓட்ட உதவும், போல்கிட் தொகுப்பின் ‘பிகேஎக்ஸெக்’ நிரலில் 2009 முதல் இருந்துவந்த பிழையையும் அதே நிறுவனம் வெளிக்கொணர்ந்தது.

இத்தகைய ஆபத்துக்கு விடையாக மூன்று போக்குகள் எழுந்துள்ளன. டெட் உனங்ஸ்ட் எழுதிய ‘டூஆஸ்’, 2015இல் ஓபன்பிஎஸ்டி 5.8இல் சூடோவின் இடத்தைப் பிடித்தது. வசதிகள் குறைவு, நிரலும் சிறிது. சிறியதைப் படித்துச் சரிபார்க்க முடியும் என்பது அதன் வாதம். இரண்டாவது, ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்ட சூடோ-ஆர்எஸ். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 அதையே இயல்பாக ஏற்றது. நினைவகப் பிழைகளில் பெரும்பகுதியை மொழியே தடுத்துவிடும். தருக்கப் பிழைகளை மொழி தடுக்காது. 2019இன் -1 பிழையும், 2025 ஜூனில் வெளியாகி சூடோ 1.9.17பி1இல் திருத்தப்பட்ட, சீரூட் விருப்பு சார்ந்த பிழையும் தருக்கப் பிழைகள். மூன்றாவது, 2024இல் சிஸ்டம்டி 256உடன் வந்த ‘ரன்0’. அது செட்யூஐடியையே கைவிடுகிறது. உங்கள் உரிமையை உயர்த்துவதற்குப் பதில், ஏற்கெனவே ரூட்டாக ஓடும் சேவை மேலாளரிடம் ‘இந்த வேலையைத் தனிச் சூழலில் தொடங்கு’ என்று கேட்கிறது. அது ஓடும்போது டெர்மினலின் பின்புலம் செந்நிறமாகிறது. அந்தச் சிவப்பு எனக்குப் பிடித்திருக்கிறது; ரூட்டாக இருக்கிறோம் என்பதைக் கண் மறக்காது.

ரிட்சியின் எஸ் எழுத்துக்கு மாற்றாக லினக்ஸ் கெர்னல் 2.2 பதிப்பிலிருந்தே ரூட்டின் அதிகாரத்தைத் துண்டுகளாகப் பிரித்துவருகிறது. 1024க்குக் கீழுள்ள துறையில் காத்திருக்க வேண்டிய வெப் சர்வருக்கு அந்த ஒரு துண்டு போதும். துண்டுகள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டன. அவற்றுள் ‘சிஸ்-அட்மின்’ என்னும் துண்டு எதையும் போட்டு வைக்கும் மூட்டையாகி, ஏறத்தாழ ரூட்டுக்கு நிகராக நிற்கிறது. எதைப் பிரித்தாலும் முழுமை எங்கோ ஓர் இடத்தில் சேர்ந்துகொள்கிறது.

எந்தக் கருவியானாலும் அதை உரிய காலத்தில் புதுப்பிப்பது பராமரிப்பாளரின் முதல் கடமை. பேரன் சமெடிட் வெளியான அன்றே திருத்தமும் வெளியானது.

உங்கள் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தால், இன்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எல் விருப்பும் பெரிய யூ விருப்பும் சேர்த்துச் சூடோவை ஓட்டி, ஒவ்வொரு பயனருக்கும் என்ன அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். டாக்கர் குழுவில் யார் யார் என்று பாருங்கள். இந்த விதி எதற்கு என்று அலுவலகத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை என்றால், விசூடோவைத் திறந்து அதை நீக்கிவிடுங்கள்.